குரங்கு மூளை, காளி, சாட்டை: ஹாலிவுட் சாகசப் படங்கள் நம் ஊர்களைக் காட்டும் விதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு இது?

பெரும்பாலும் ஒரே படம்: 1984இல் வெளிவந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’. கதை ஜார்ஜ் லூகாஸ், இயக்கம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், நாயகன் ஹாரிசன் ஃபோர்டு. வேறு சில படங்களும் இடையில் வரும். ஆனால் கிழக்கு நாடுகளைப் பற்றி மேற்கத்திய சாகசப் படங்கள் சொல்லிவந்த எல்லாத் தப்பும் ஒரே இடத்தில் குவிந்திருப்பது இந்தப் படத்தில்தான். அதோடு இது திறமையாக எடுக்கப்பட்ட படம். சுரங்கத்துக்குள் தள்ளுவண்டித் துரத்தலை இன்று பார்த்தாலும் இருக்கை நுனிக்கு வந்துவிடுவோம், காட்சி நுட்பங்களுக்காக ஆஸ்கரும் வாங்கியது. மோசமாக எடுத்த படம் என்றால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், இவ்வளவு பேச வேண்டிய தேவையும் இருந்திருக்காது.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1935ஆம் ஆண்டு. ஷாங்காயில் ஒரு ரவுடிக் கும்பலிடமிருந்து தப்பும் தொல்லியல் பேராசிரியர் ஜோன்ஸ், ஒரு பாடகி, ஒரு சீனச் சிறுவன் மூவரும் இமயமலையில் விமானம் விழுந்து, ஆற்றோடு அடித்துவரப்பட்டு, இந்தியாவில் ஒரு வறண்ட கிராமத்தில் கரை ஒதுங்குகிறார்கள். அந்த ஊரைக் காத்துவந்த சிவலிங்கக் கல்லைப் பாங்காட் அரண்மனைக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள், ஊரின் குழந்தைகள் மொத்தத்தையும் பிடித்துப்போய்விட்டார்கள். மூவரும் அரண்மனைக்குப் போனால், அதன் அடியில் ரகசியக் கோயில், காளிக்கு நரபலி, உயிரோடு நெஞ்சைக் கிழித்து இதயத்தை எடுக்கும் பூசாரி மோலா ராம், சுரங்கத்தில் சங்கிலியோடு வேலை செய்யும் பிள்ளைகள். ஜோன்ஸ் எல்லாரையும் மீட்டுக் கல்லையும் குழந்தைகளையும் ஊரில் கொண்டுவந்து சேர்க்கிறார்.

விருந்துக் காட்சிக்கு ஏன் அவ்வளவு கோபம்?

சிறுவன் மகாராஜாவின் அரண்மனையில் ராஜ விருந்து. பெரிய பாம்பின் வயிற்றைக் கீறினால் குட்டிப் பாம்புகள் நெளிந்து வருகின்றன, அப்புறம் வண்டுகள், கண்விழி மிதக்கும் சூப், கடைசியாகக் குரங்குத் தலையில் குளிரவைத்த மூளை. இந்து ராஜா ஒருவரின் பந்தியில் குரங்கு மூளை பரிமாறுவதாக யோசிக்க, அனுமாருக்கு வடைமாலை சாற்றும் ஒரு நாட்டைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் இருக்க வேண்டும்.

திவானாக நடித்த ரோஷன் சேத் பின்னாளில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: இந்தியர்கள் பூச்சி தின்பவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் நினைப்பது அரண்மனைக்காரர்களுக்குத் தெரியும், அதனால் வேண்டுமென்றே அப்படிப் பரிமாறுகிறார்கள் என்பதுதான் நகைச்சுவையாம், அது அந்தப் படத்துக்கு ஒட்டவில்லை என்று அவரே சொன்னார். திரையில் அப்படி ஒரு சாயலே இல்லை. கூட உட்கார்ந்திருக்கும் இந்திய விருந்தினர்கள் ஆசை ஆசையாகச் சாப்பிடுகிறார்கள், பாடகி மயங்கி விழுகிறாள். பார்ப்பவர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த இந்திய வம்சாவளியினர் பலர், பள்ளியில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது இந்தக் காட்சியைச் சொல்லிச் சீண்டப்பட்டதை எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் என்னைக் கேட்டால் சாப்பாட்டுக் காட்சி இந்தப் படத்தின் பெரிய குற்றம் இல்லை. அருவருப்பாக இருப்பதால் எல்லோருக்கும் அதுதான் ஞாபகம் இருக்கிறது, அதைவிடக் கனமான விஷயங்கள் அதன் பின்னால் மறைந்துபோகின்றன.

அப்படியானால் பெரிய குற்றம் எது?

யார் காப்பாற்றுகிறார்கள், யார் காப்பாற்றப்படுகிறார்கள் என்பது. ஒரு கிராமமே தன் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு அப்பன் கூட அரிவாளைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போகவில்லை, ஒரு தாய் கூடப் போய் வாசலில் மண் வாரித் தூற்றவில்லை. வானத்திலிருந்து விழுந்த அமெரிக்கரைத் தெய்வம் அனுப்பியதாக நம்பிக் கையைப் பிடித்து அழுகிறார்கள். பிள்ளையைத் தொலைத்த எந்த ஊர் அப்படி இருக்கும்? இந்தப் படத்தில் இந்தியர்களுக்கு இரண்டே வேலைதான், ஒன்று கொடுமை செய்வது, இன்னொன்று கொடுமையைத் தாங்கிக்கொண்டு காத்திருப்பது. எதிர்ப்பது, யோசிப்பது, திட்டம் போடுவது எல்லாம் வெளியிலிருந்து வருபவரின் வேலை.

அடுத்து, கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். 1935. ஐந்து வருடத்துக்கு முன்புதான் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பு அள்ளி ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போயிருந்தார்கள். படத்தில் காங்கிரஸ் இல்லை, கதர் இல்லை, சுதந்திரம் என்ற பேச்சே இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியைக் குத்திப் பேசும் ஒரே ஆள் திவான் சத்தர் லால், ஆக்ஸ்போர்டில் படித்தவர். தங்கள் சாம்ராஜ்யத்தைப் பற்றி பிரிட்டிஷார் ரொம்பவே கவலைப்படுவதால் நாங்கள் நன்றாகக் கவனிக்கப்படும் குழந்தைகளைப் போல உணர்கிறோம் என்று பந்தியில் சொல்கிறார். அருமையான இடம், கூர்மையான பேச்சு. கொஞ்ச நேரத்தில் அவரே நரபலிக் கும்பலின் ஆள் என்று தெரிகிறது. ஆக, வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசும் படித்த இந்தியன் உள்ளுக்குள் கொலைகாரன். கடைசியில் தொங்குபாலத்துச் சண்டையில் துப்பாக்கியோடு வந்து கை கொடுப்பது யார் தெரியுமா? பிரிட்டிஷ் கேப்டன் தலைமையிலான படை. ஜாலியன்வாலாபாக் நடந்து 16 வருடம் ஆன ஒரு நாட்டில்.

படத்தில் நரபலிக் கும்பலாக வரும் தக்கர்கள் வரலாற்றில் உண்மையாகவே இருந்தார்களே?

வழிப்பறிக் கும்பல்கள் இருந்தன, அதை யாரும் மறுக்கவில்லை. வழிப்போக்கர்களோடு நட்பாகப் பேசி, கூடவே நடந்து, தனியிடத்தில் துணியால் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் நிறையப் பேர் இருந்தார்கள். கொள்ளைதான் நோக்கம். எல்லாக் கும்பல்களையும் ஒரே ரகசிய மதமாக, காளிக்காகக் கொல்லும் பரம்பரையாகத் தைத்துக் காட்டியதில் 1830களில் அவர்களை வேட்டையாடிய வில்லியம் ஸ்லீமன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்குப் பெரிய பங்கு உண்டு. பிடிபட்டவர்களை அப்ரூவராக்கி வாக்குமூலம் வாங்கினார்கள். தூக்கிலிருந்து தப்ப வேண்டிய ஒருவன், கேட்பவர் எதிர்பார்க்கிற கதையைச் சொல்லாமல் இருப்பானா? அந்த வாக்குமூலங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இதயத்தைப் பிடுங்கும் சடங்குக்கு அந்தப் பதிவுகளில் கூட இடமில்லை. அது மெக்சிகோவின் அஸ்டெக் பலியைப் பற்றிய கதைகளை நினைவுபடுத்துகிறது. தக்கர்களைப் பிடிக்க ஏற்படுத்திய துறையையே 1904இல் மூடிவிட்டார்கள், படமோ 1935இல் அவர்களை உயிர்ப்பித்துக் கொண்டுவருகிறது.

இதை வெறும் வரலாற்றுப் பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இந்தக் கதைக்கு நம் மண்ணில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 1836இல் வந்த சட்டப்படி, ஒருவன் குறிப்பிட்ட குற்றம் செய்தான் என்று நிரூபிக்க வேண்டாம், தக்கர் கும்பலைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை. பிறப்பாலேயே குற்றவாளி என்ற எண்ணம் அங்கே வேர்விட்டு, 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டமாக வளர்ந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ராத்திரி ஆனால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்ற கொடுமையைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. ‘ரகசியக் கொலைகாரப் பரம்பரை’ என்ற சங்கதியை ஒரு சாகசப் படம் எடுத்து விளையாடும்போது, அது எந்த அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

காளியைக் காட்டியதில் என்ன சிக்கல்? காளி உக்கிர தெய்வம்தானே?

உக்கிரம்தான். பலியும் உண்டு, கிடா வெட்டுகிற ஊர்களில் அதை ஒளித்துவைப்பதும் இல்லை. ஆனால் அம்மை போட்டால் வேண்டிக்கொள்வதும், மழை இல்லையென்றால் கூழ் ஊற்றுவதும், பிள்ளைக்குக் காளியம்மாள், காளிமுத்து என்று பெயர் வைப்பதும் அதே தெய்வ மரபுக்குள்தான். படத்தில் இந்தத் தாய் முழுக்க முழுக்கச் சாத்தான். கிறித்தவத்தில் கடவுளும் சாத்தானும் எதிரெதிராக நிற்பதைப் போல, படம் சிவனை ஒரு பக்கமும் காளியை மறு பக்கமும் நிறுத்திவிடுகிறது. பாலத்தில் தொங்கிக்கொண்டே ஜோன்ஸ், நீ சிவனுக்குத் துரோகம் செய்துவிட்டாய் என்று பூசாரியைப் பார்த்துக் கத்துகிறார், உடனே பையிலிருக்கும் சிவலிங்கக் கற்கள் நெருப்பாய்ப் பழுக்கின்றன. திருவாலங்காட்டில் சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடிய கதையை அறிந்தவர்களும், சிதம்பரத்தில் நடராஜரைப் பார்த்துவிட்டு அப்படியே தில்லைக்காளியையும் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களும் இந்தக் காட்சியை எப்படி எடுத்துக்கொள்வது? நம் சாமி யார் என்று நமக்கே பாடம் எடுக்கும் உரிமையையும் படம் நாயகனுக்குக் கொடுத்துவிடுகிறது என்பதுதான் எனக்கு வலிக்கிற இடம்.

படம் இந்தியாவில் எடுக்கப்பட்டதா?

இல்லை. ஜெய்ப்பூரின் ஆம்பர் கோட்டையிலும் வட இந்தியாவின் வேறு இடங்களிலும் எடுக்க அனுமதி கேட்டார்கள். திரைக்கதையைப் படித்த இந்திய அரசு அதை இழிவானது என்று சொல்லி மாற்றங்கள் கேட்டது, இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமையையும் கேட்டது. படக்குழு ஒத்துக்கொள்ளாமல் இலங்கைக்குப் போனது. கண்டிக்குப் பக்கத்தில் 1983இல் படமாக்கினார்கள். அந்தப் பிரபலமான தொங்குபாலம் கட்டப்பட்டது மகாவலி ஆற்றில் விக்டோரியா அணை வேலை நடந்துகொண்டிருந்த பகுதியில். அரண்மனையின் உள்ளும் கோயிலும் லண்டன் பக்கத்து எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் போட்ட செட்டுகள்.

அதனால்தான் வட இந்தியாவில் இருப்பதாகச் சொல்லப்படும் அந்தக் கிராமத்து மக்கள் சிங்களம் பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவராக வருபவர் இலங்கை நடிகர் டி. ஆர். நாணயக்கார. ஈழத்தமிழர்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்கள். எந்த மொழியாக இருந்தாலும் மேற்கத்தியப் பார்வையாளருக்கு வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை என்று படக்குழு நினைத்தது, அந்த நினைப்பு வியாபாரத்தில் பலித்தும்விட்டது. படம் உலகம் முழுக்க 33 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இந்தியாவில் படத்துக்குச் சில காலம் தடை இருந்தது. தடையால் எதுவும் நடந்துவிடவில்லை என்பதே என் கருத்து, பார்க்க வேண்டியவர்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டார்கள்.

அம்ரிஷ் பூரி எப்படி இதில் நடிக்க ஒத்துக்கொண்டார்?

‘தளபதி’யில் கலிவர்தனாக நமக்குத் தெரிந்த அதே அம்ரிஷ் பூரிதான் மோலா ராம். இதற்காக மொட்டையடித்த தலைதான் பிறகு அவருடைய அடையாளமாகவே நிலைத்துவிட்டது. இது கற்பனைச் சாகசக் கதை, இதைப் போய் இழிவு என்று எடுத்துக்கொள்வது அசட்டுத்தனம் என்ற அர்த்தத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். அவர் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் நடிகர்களைத் திட்டுவதிலும் உடன்பாடு இல்லை. அந்தக் காலத்தில் இந்திய நடிகர் ஒருவருக்கு ஹாலிவுட்டில் வருகிற வேடங்கள் எவ்வளவு என்று யோசிக்க வேண்டும். ரோஷன் சேத் அதற்கு இரண்டு வருடம் முன்பு ‘காந்தி’ படத்தில் நேருவாக நடித்தவர். நேருவாக நடித்தவருக்கு அடுத்துக் கிடைத்த பெரிய ஹாலிவுட் வேடம் நரபலிக் கும்பலின் திவான். எழுதப்பட்ட வேடங்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இது 1984இல் தொடங்கியதா?

ரொம்பப் பழையது. 1939இல் வந்த ‘கங்கா தின்’ என்ற படம் இதற்குத் தாத்தா மாதிரி. ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் கவிதையை வைத்து எடுத்தது. அதிலும் தக்கர் கும்பல், அதிலும் காளி கோயில், தண்ணீர் தூக்கும் விசுவாசமான இந்தியன் பிரிட்டிஷ் படைக்காக உயிரை விடுகிறான். அந்த இந்தியனாக நடித்தவர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய சாம் ஜாஃப் என்ற அமெரிக்கர், வடமேற்கு எல்லையாகக் காட்டியது கலிபோர்னியாவின் பாறைக் குன்றுகளை. வங்காளத்திலும் பம்பாயிலும் அதற்குத் தடை விழுந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த ‘தி டிரம்’ என்ற படத்துக்குப் பம்பாயிலும் சென்னையிலும் மக்கள் எதிர்ப்புக் கிளம்பியது. அதில் நடித்த சிறுவன் சாபு, மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு யானைப்பாகனின் மகன். அவனுடைய திறமைக்கு ஹாலிவுட் கொடுத்தது யானை, காடு, பறக்கும் கம்பளம் மட்டும்தான் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சுதந்திரத்துக்கு முன்பே நம் தாத்தாக்கள் தியேட்டர் வாசலில் இதை எதிர்த்திருக்கிறார்கள். இப்போதுதான் எல்லாவற்றுக்கும் புண்படுகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

ஜேம்ஸ் பாண்ட் படத்தில் விஜய் அமிர்தராஜ் நடித்தாரே, அதுவும் இப்படியா?

‘ஆக்டபுசி’, 1983. சென்னைக்காரரான டென்னிஸ் வீரர் உளவாளியாக வந்து, டென்னிஸ் மட்டையாலேயே அடியாட்களை அடிப்பார். உதய்பூரில் அரசு அனுமதியோடுதான் எடுத்தார்கள், அதிலும் ஆணிப் படுக்கை, கத்தி விழுங்குபவர், தீமிதி எல்லாம் ஒரே தெருவில் வரிசையாக வரும். சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை இந்திய உதவியாளரிடம் கொடுத்து, கொஞ்ச வாரம் கறிக்கு ஆகும் என்கிறார் பாண்ட். கமல் கான் என்ற ராஜவம்சத்து வில்லனாக நடித்தவர் பிரெஞ்சு நடிகர் லூயி ஜோர்டான். ஆப்கன் இளவரசராகப் பிரெஞ்சுக்காரர், அடியாளாக இந்தியர் கபீர் பேடி. வேடம் பெரிதாக ஆக ஆக நடிகர் வெள்ளையாகிவிடுவார். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் இளவரசர் ஃபைசலாக நடித்தது ஆங்கிலேயரான அலெக் கின்னஸ் என்பதும் இதே கணக்குதான்.

இந்தியாவுக்கு மட்டும்தான் இப்படியா?

அரபு நாடுகளுக்கு இதைவிட மோசம். லெபனான் வம்சாவளி அமெரிக்கரான ஜாக் ஷாஹீன் 900க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை உட்கார்ந்து பார்த்து 2001இல் ஒரு நூல் எழுதினார். அரபு மனிதர் சாதாரண மனிதராக வரும் படங்கள் அதில் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. 1992இல் வந்த ‘அலாதீன்’ கார்ட்டூனின் முதல் பாட்டிலேயே, முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் ஊர் என்று ஒரு வரி வரும். அரபு அமெரிக்கர்கள் போராடியதால் அடுத்த வருடம் வீடியோவில் அந்த வரியை மாற்றினார்கள், அது காட்டுமிராண்டி ஊர் என்ற வரியை மட்டும் விட்டுவைத்தார்கள்.

எகிப்தை எடுத்துக்கொண்டால், ‘தி மம்மி’யில் பூச்சிகளை ஏவும் பிசாசின் பெயர் இம்ஹோதெப். உண்மையான இம்ஹோதெப் சக்காராவில் படிக்கட்டுப் பிரமிடை எழுப்பியவராகப் போற்றப்படும் அமைச்சர், பின்னாளில் எகிப்தியர்கள் மருத்துவக் கடவுளாகவே வணங்கியவர். நாலாயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த மேதையின் பெயரைச் சொன்னால் உலகத்தில் பாதிப் பேருக்கு இன்று ஞாபகம் வருவது ஒரு பேய்.

ஓரியண்டலிசம் என்கிறார்களே, அது என்ன?

பாலஸ்தீன அறிஞர் எட்வர்டு சயீத் 1978இல் எழுதிய நூலால் பரவிய கருத்து. கிழக்கை மர்மமான, மாறாத, தன்னைத்தானே ஆள முடியாத இடமாக மேற்கு தொடர்ந்து எழுதிவந்தது, ஆள்வதற்கு அந்த எழுத்து உதவியாகவும் இருந்தது என்பது அதன் சாரம். மேலே சொன்ன ஸ்லீமன் கதையே போதுமான உதாரணம்.

வெறும் படம்தானே, யார் நம்பப் போகிறார்கள்?

2015 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம், அக்ராபா மீது குண்டு போடலாமா என்று வாக்காளர்களிடம் கேட்டது. அக்ராபா என்பது அலாதீன் கார்ட்டூனில் வரும் கற்பனை ஊர். குடியரசுக் கட்சிக்காரர்களில் 30 சதவீதமும் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 19 சதவீதமும் போடலாம் என்றார்கள். பெயர் அரபுப் பெயர் மாதிரி ஒலித்ததே போதுமானதாக இருந்தது.

ஜோன்ஸ் கடைசியில் கல்லைத் திருப்பிக் கொடுக்கிறாரே?

கொடுக்கிறார், அதைப் பாராட்டத்தான் வேண்டும். அருங்காட்சியகத்தில் வைத்தால் தூசி படியும் இன்னொரு கல்லாகத்தான் இருக்கும் என்கிறார். நிஜத்தில் இது இவ்வளவு சுலபமாக நடந்ததில்லை. திருடுபோய் லண்டன் வரை கடத்தப்பட்ட பத்தூர் நடராஜர் சிலையை மீட்க லண்டன் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது, 1991இல்தான் அவர் தமிழ்நாடு திரும்பினார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தது, 2014இல் திருப்பிக் கொடுத்தது. அடையாளம் கண்டவர்கள், பழைய போட்டோக்களைத் தேடி எடுத்தவர்கள், வழக்கு நடத்தியவர்கள் என்று இதில் நம் ஆட்களின் உழைப்பு நிறைய. ஊர்க்காரர்கள் தங்கள் சாமியைத் தாங்களே மீட்ட கதை இது, சாகசத்துக்கும் குறைவில்லை.

நம் படங்கள் மட்டும் ஒழுங்கா?

ஒழுங்கில்லை. இலை தழை கட்டிக்கொண்டு ‘ஜிங்காலா’ என்று குதிக்கும் பழங்குடிகளை எத்தனை தமிழ்ப் படங்களில் பார்த்திருக்கிறோம்! ஆப்பிரிக்கர் என்றால் போதைப்பொருள், வடகிழக்கு முகம் என்றால் கேலி, கறுப்பு நிறம் என்றால் காமெடி. இதைச் சொல்வதால் ஹாலிவுட்டின் தப்பு குறைந்துவிடாது, ஆனால் தோடர்களோ இருளர்களோ நம்மைப் பார்த்து இதே கேள்விகளைக் கேட்டால் நம்மிடமும் பதில் இருக்க வேண்டும்.

இப்போது மாறிவிட்டதா?

பாதி. நரபலிப் பூசாரிகள் குறைந்துவிட்டார்கள், முகத்தில் சாயம் பூசுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் 2020இல் வந்த ‘எக்ஸ்ட்ராக்ஷன்’ படத்தில் டாக்கா நகரம் முழுக்க மஞ்சள் புழுதி நிறத்தில் இருந்ததைப் பார்த்து வங்கதேசத்துக்காரர்கள் கொதித்தார்கள். ஏழை நாடு என்றால் ஒரு மஞ்சள் வடிகட்டி, நெரிசல், துப்பாக்கி, நடுவில் ஒரு வெள்ளைக்காரர். இடம் புதிது, வேலைப் பங்கீடு பழையது.

பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அது வன்முறைக்காக. அமெரிக்காவிலேயே இந்தப் படத்தின் மீதான புகார்களும் சேர்ந்துதான் 1984இல் 13 வயதை ஒட்டிய புதிய தணிக்கைப் பிரிவைக் கொண்டுவரவைத்தன. பதின்ம வயதுப் பிள்ளைகள் என்றால் கூட உட்கார்ந்து பார்க்கலாம். பாதியில் நிறுத்தி வகுப்பு எடுக்க வேண்டாம், படம் முடிந்தபின் ஒன்றிரண்டு கேள்வி போதும்: அந்த ஊரில் யாருக்காவது பெயர் இருந்ததா? அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் ஒருவராவது பேசினார்களா? கேப்டன் அங்கே என்ன வேலையாக வந்திருந்தார், அவரை யார் அழைத்தது? இந்தக் கேள்விகளை வேறு எந்தப் படத்துக்கும், நம் படங்களுக்கும், போட்டுப் பார்க்கலாம்.